யாரும் குடிக்காத தண்ணீர்ப் பந்தல்

யுத்த காலத்தில் ஆவடியில் போட்டிருந்த அந்தத் தண்ணீர்ப் பந்தலைப் போல நேர்த்தியான ஒரு பந்தலை நான் என் ஆயுளில் வேறெங்கும் பார்த்ததில்லை. புதுக் கீற்று. கணு தெரியாமல் சீவிய மூங்கில். தரைக்குச் செம்மண் கொட்டி, திமிசு போட்டு இறுக்கி, மேலே சாணி மெழுகியிருந்தது. ஓரத்தில் ஆற்றுமணலைப் பரப்பி அதன்மேல் பூந்தமல்லிச் சந்தையில் வாங்கிய புதுப் பானைகளை வரிசையாக உட்கார்த்தி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பானைக்கும் மரமூடி, மூடியின்மேல் கவிழ்த்த பித்தளைச் சொம்பு. தண்ணீரில் வெட்டிவேர் வேறு மணக்கும். வாசலில் மாவிலைத் தோரணம். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. பந்தல் பாவம், அது என்ன செய்யும்? அதைக் கட்டிய மனிதரை நினைத்துத்தான் எரிச்சல்.

அவர் எங்கள் ஓவர்சியர். எஞ்சினியரிங் படித்துத் தேறியவர். கஞ்சி போட்ட காக்கி நிஜார், தலையில் தக்கைத் தொப்பி, சட்டைப் பையில் மடக்கு அளவுகோல். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. லஞ்சம் வாங்கமாட்டார், கூலிக்காரர்களை ஒருமையில் ஏசமாட்டார், கட்டிய சுவரில் மட்டம் ஒரு நூல் பிசகாது. அவரிடம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததெல்லாம் இரண்டே வார்த்தைதான். "ஆகட்டும் சார்." காண்ட்ராக்டர் வாயைத் திறந்து சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் ஆகட்டும் சொல்லி முடித்திருப்பார். கிடங்கில் சிமெண்டு மூட்டைகள் கட்டிதட்டிப் போகின்றன என்று காண்ட்ராக்டர் ஒருநாள் கத்தினார். "கூரை ஒழுகுது போல, இன்னொரு வரிசை கீத்து போடு" என்றார். ஆகட்டும் சார். போட்டாயிற்று. மறுபடியும் கட்டிதட்டியது. இன்னொரு வரிசை. ஆகட்டும் சார். ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது என்பது மூட்டையைப் புரட்டிப் பார்த்தால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், அடிப்பக்கம்தான் கல்லாகியிருந்தது. அவர் புரட்டிப் பார்க்கவில்லை. புரட்டிப் பார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே!

பட்டாளத்துச் சரக்கு வைக்கப் பெரிய பெரிய கொட்டகைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஆவடியைச் சுற்றியிருந்த புன்செய்க் காடுகளையும் மேய்ச்சல் தரையையும் பட்டாளத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். கட்டட வேலையைப் பல காண்ட்ராக்டர்கள் பங்கு போட்டு எடுத்திருந்தார்கள். எங்கள் காண்ட்ராக்டர் அதில் ஒருவர். சாந்து சுமக்க, ஜல்லி சுமக்க, செங்கல் சுமக்கச் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள் சித்தாளாக வந்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்த வீட்டுப் பெண்களும் அதே நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த பெண்களும் ஒரே வரிசையில் நின்று சாந்துச் சட்டி தூக்கினார்கள். அடிபட்டால் கட்டுப் போட ஒரு முதலுதவிக் கொட்டகை இருந்தாக வேண்டும் என்று பட்டாளத்தார் நிபந்தனை போட்டிருந்ததால் என்னை வேலைக்கு எடுத்தார்கள். நான் சிறு வயதிலேயே தாலியிழந்து, மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் டிரஸ்ஸர் வேலை கற்றுக்கொண்டு, அம்பத்தூரில் என் அண்ணன் வீட்டில் இருந்தவள். காலையில் ரயிலேறி ஆவடியில் இறங்கினால் சாயங்காலம் வரைக்கும் டிங்க்சரும் பஞ்சும்தான். சித்தாள்கள் என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தியை எல்லோரும் அண்ணி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். சென்னீர்குப்பத்துக்காரி. இருட்டோடு புறப்பட்டு நடந்து வந்து, இருட்டின பிறகு வீடு போய்ச் சேருவாள். புருஷன் பட்டாளத்தில் கூலியாளாகச் சேர்ந்து கிழக்கே எங்கேயோ ரோடு போடப் போயிருந்தான். வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல், அக்கம்பக்கத்து வாயெல்லாம் மென்று துப்பின பிறகு, இப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. ஆறு மாதம். சட்டியை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போதெல்லாம் வயிற்றைத் தடவிக்கொள்வாள். "உங்க அண்ணாத்தே வரங்காட்டியும் இத்த பெத்து மடியில போட்டுக்கணும் டாக்டரம்மா. அப்பால எனக்கு இன்னா ஆனாலும் சரி" என்பாள். "அப்பால உனக்கு ஒண்ணும் ஆவாது, வாயை மூடு" என்று நான் அதட்டுவேன்.

சித்திரை வெயிலில் பெண்கள் மயங்கி விழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி விழுந்தால் வெயில் என்று சொல்லிவிடலாம். நாளுக்கு நாள் விழுந்தார்கள். ஆண்களும் அதே வெயிலில்தான் நின்றார்கள், அவர்களில் ஒருவரும் விழவில்லை. இதையாவது யாராவது யோசித்தார்களா? கிணற்றடியில் ஏற்கெனவே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. ஆண்கள் குடித்தது போக அதில் மீந்துதான் கிடந்தது. அதையும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி மேற்பார்வை பார்க்க வந்தபோது ஒரு பெண் சாந்துச் சட்டியோடு அவர் காலடியிலேயே விழுந்தாள். சாந்து அவர் பூட்ஸில் தெறித்தது. காண்ட்ராக்டருக்கு மானம் போய்விட்டது. அவள் கண் திறந்தாளா என்றுகூடப் பார்க்காமல் ஓவர்சியர் பக்கம் திரும்பி, "குடிக்கத் தண்ணி இல்லாமதான் விழறாளுங்க. நாளைக்கே ஒரு தண்ணிப் பந்தல் போட்டுடு. தொரை கண்ணுல படற மாதிரி ஜோரா இருக்கணும்" என்றார்.

"ஆகட்டும் சார்."

இப்படித்தான் அந்தப் பந்தல் எழும்பியது. திறப்பு விழா அன்றைக்கு எல்லோருக்கும் நீர்மோர். பெண்கள் வரிசையில் வந்து தண்ணீர்ச் சொம்பை வாங்கினார்கள். வாங்கி, உதட்டை நனைத்துக்கொண்டார்கள். மீதியை முகத்தில் அடித்து, உச்சியில் கொட்டி, காலில் ஊற்றிக்கொண்டு போனார்கள். மோரை மட்டும் ஆண்கள் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஓவர்சியர் பந்தல் கால் ஒன்றில் கை வைத்துக்கொண்டு, பெண் வீட்டார் போலச் சிரித்த முகத்தோடு நின்றார். பானைகள் காலியானது அவருக்குத் தெரிந்தது. தண்ணீர் யார் வயிற்றுக்குள்ளும் போகவில்லை என்பது தெரியவில்லை. அன்றைக்கு மத்தியானமே ஒருத்தி விழுந்தாள்.

காண்ட்ராக்டருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செலவழித்துப் பந்தல் போட்டும் விழுந்தால் என்ன அர்த்தம்? அவரே ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார். ஜாதி பார்க்கிறாளுங்க; ஒரே பானையில் குடிக்க மனசு ஒப்பவில்லை. பந்தலை நடுவில் தடுத்து இரண்டாக்கு. ஆகட்டும் சார். நடுவே தட்டி வந்தது. ஒரு பக்கத்துக்காரர்களுக்குச் சொம்பில் தண்ணீர், மறுபக்கத்துக்காரர்களுக்குத் தூர நின்று மூங்கில் குழாய் வழியாகக் கையில் ஊற்றுவது. காலையிலிருந்து தோளோடு தோள் உரசிச் சட்டி மாற்றிக்கொண்ட பெண்களைத் தண்ணீருக்கு மட்டும் பிரித்து நிறுத்தினார்கள். சை! அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளின் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஓவர்சியரோ தட்டியின் பின்னல் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்துப் பெண்களும் உதட்டைத்தான் நனைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்திலும் விழுந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. என் கொட்டகை அதிகாரிகள் பக்கம், காவல் போட்ட வாசலுக்கு அப்பால் இருந்தது. கூலிப் பெண்களைச் சிப்பாய் உள்ளே விடமாட்டான். மயங்கி விழுந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தால்தான் விடுவான். நான் பார்த்ததெல்லாம் கண் செருகின முகங்கள், வெடித்த உதடுகள். ஒவ்வொருத்தி வாயிலும் கன்னத்தோரம் ஏதோ ஒதுக்கியிருந்தது. விரலை விட்டு எடுத்துப் பார்த்தால் புளியங்கொட்டை. எச்சில் ஊறுவதற்காகப் புளியங்கொட்டையை வாயில் அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பக்கத்தில் பந்தலில் வெட்டிவேர்த் தண்ணீர் இருக்க, புளியங்கொட்டை எதற்கு? ஒருநாள் மத்தியானம் என் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். அதற்குமேல் நான் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. ஓவர்சியரும் உட்கார்ந்திருக்கலாம். கால் ஒன்றும் தேய்ந்திருக்காது.

வெயில் காலத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் கூழோ கஞ்சியோதான் கொண்டு வருவார்கள். இவர்கள் தூக்கில் வெறும் களி உருண்டை. தொட்டுக்கொள்ளக் கருவாடுகூடக் கிடையாது, வெங்காயம்தான். அண்ணி அந்தக் களியை விக்கி விக்கி விழுங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, ஒரு சொம்பு தண்ணி குடிச்சாத்தான் என்ன? வயித்துல பிள்ளையை வெச்சிக்கிட்டு ஏன் இப்படி வதைக்கறே?"

"குடிக்கலாம் டாக்டரம்மா" என்றாள். "குடிச்சிட்டு எங்க போறதுன்னு நீயே சொல்லு."

சுற்றியிருந்தவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வயதானவள் மட்டும் சிரிக்காமல் கையை நீட்டிக் காட்டினாள். "அந்தாண்ட பாரு. ஏரிக்கரை வரிக்கும் ஈச்சம்புதரா கெடந்துச்சி, காரைப் புதரு இருந்திச்சி. நாங்க பாட்டுக்கு ஒதுங்கிட்டு வருவோம். மொட்டையடிச்சி உட்டான் இல்ல உங்க ஓவர்சீரு! இப்ப ஒரு பொம்பள குந்தினா சாரத்து மேல கீற அத்தினி கொத்தனாரும் பாப்பான்."

"ஆம்பளைங்களுக்கு இன்னா, செவுத்துப் பக்கமா திரும்பினா முடிஞ்சிது" என்றாள் இன்னொருத்தி.

"காத்தால இருட்டுல போனா, அப்பால பொழுது சாஞ்சிதான்" என்றாள் அண்ணி. "அதுக்குத்தான் கூழு எடுத்தாறதில்ல. மோரு குடுத்தாரே உங்க மொதலாளி, அத்தக் குடிச்சிட்டு நான் எங்க ஓடறது?"

பிறகு விசாரித்ததில் புதர் போன கதை தெரிந்தது. அதிகாரிகளின் கூடாரத்துப் பக்கம் ஒரு பாம்பு வந்திருக்கிறது. காண்ட்ராக்டர் பதறிப்போய், ஒரு செடி இருக்கக் கூடாது, எல்லாவற்றையும் வெட்டு என்றிருக்கிறார். ஆகட்டும் சார். கூடாரம் எங்கேயோ இருக்க, ஏரிக்கரை வரைக்கும் ஒரு செடி விடாமல் வெட்டிச் சுத்தமாக்கிவிட்டார் ஓவர்சியர். அந்தப் புதரில் ஆணும் பெண்ணும் எந்தெந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள் என்பது அங்கே வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். சொன்னதைச் செய்தவருக்கு மட்டும் அது தெரிந்திருக்கத் தேவையில்லை.

அன்றைக்கே அவரிடம் போனேன். அவர் பந்தலுக்குள் நின்று பானைகளுக்கிடையில் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அளந்துகொண்டுதான் இருந்தார்.

"சார், அந்தப் பெண்களுக்குத் தாகம் இல்லாம இல்ல. ஒதுங்க இடம் இல்லாததால குடிக்காம இருக்காங்க. ஏரி ஓரமா ஒரு குழி வெட்டி நாலு தட்டி வெச்சு மறைச்சுக் குடுத்தாப் போதும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. செத்த எலியைக் கண்டவர் மாதிரி ஓரடி பின்னால் போனார். "சீச்சீ! என்னம்மா இது? ஒரு பெண்பிள்ளை பேசற பேச்சா?"

"பேசினா அசிங்கம், அடக்கிக்கிட்டு விழுந்து சாகறது அசிங்கம் இல்லையா சார்?"

"முதலாளி கேட்டது தண்ணிப் பந்தல். கட்டிக் குடுத்தாச்சு. அவர் கேக்காததை நான் எப்படிக் கட்டறது? இந்த விஷயத்தை எந்த வாயால அவர்கிட்ட சொல்றது?"

வீட்டில் பெண் வாடையே இல்லாத பிரம்மச்சாரி என்றால்கூட ஏதோ தெரியாத மனிதர் என்று விட்டுவிடலாம். அவருக்குப் பெண்டாட்டி இருந்தாள், மூன்று பெண்கள் இருந்தார்கள். அம்பத்தூரில் சொந்தமாக வீடு கட்டினபோது கொல்லைப்புறத்தில் மறைவாக, ஓடு வேய்ந்து, உள்தாழ்ப்பாள் போட்டு எல்லாம் கட்டியிருந்தார்; என் அண்ணன் மனைவி அதைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று என் அண்ணனைப் பிடுங்கியெடுத்தாள். ஆக, மனிதருக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தன் வீட்டுப் பெண்களுக்கு இருக்கிற உடம்புதான் சட்டி தூக்குகிற பெண்களுக்கும் இருக்கிறது என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் பந்தலில் புதிதாக ஒரு பெஞ்சு வந்தது. காண்ட்ராக்டர் போகிற போக்கில், உட்கார ஏதாவது போடு என்றாராம். அதில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து பீடி குடித்தார்கள்.

வெட்கத்தைத் துடைத்துப் போட்டுவிட்டு நான் காண்ட்ராக்டரிடமே போனேன். அவர் என்னைக் கண்ணெடுத்துப் பார்க்காமல் கேட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு கூத்து?" என்றார். "ஓவர்சியர்! பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டிப் போடு. செங்கல்லுலயே கட்டு, கெட்டியா. முன்னாடியே இருக்கட்டும், தொரை வந்தா காட்டணும்."

"ஆகட்டும் சார்."

"ஏரிப் பக்கமா இருந்தா…" என்று நான் ஆரம்பித்தேன். ஓவர்சியர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சார் முன்னாடின்னுட்டாரேம்மா."

முன்னாடியே கட்டினார். செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, பச்சைச் சாயம் அடித்த கதவுகள். கதவுகளின் தலைக்குமேல் "பெண்கள்" என்று கொட்டை எழுத்து. அந்தப் பெண்களில் படிக்கத் தெரிந்தவள் ஒருத்தி கிடையாது; எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்கள்தான் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். ஆமாம், பந்தலுக்கு நேர் எதிரே. அதற்குக் கூரையும் கிடையாது. காண்ட்ராக்டர் கூரை என்று சொல்லவில்லை. பின்னால் கொட்டகைச் சுவர் ஆள் உயரம் தாண்டி எழும்பியிருந்தது. சாரத்தில் நின்ற கொத்தனார்களுக்கு உள்ளே இருப்பது உள்ளங்கை மாதிரி தெரியும். புதிதாக வேலைக்கு வந்த சின்னப் பெண் ஒருத்தி விவரம் தெரியாமல் உள்ளே போனாள். சாரத்திலிருந்து ஒருவன் சீழ்க்கை அடித்தான். பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தவள், அதற்குப் பிறகு வேலைக்கே வரவில்லை. மற்றவர்கள் அந்தக் கதவைத் தொடவில்லை.

கீற்றாவது போட்டு மூடுங்கள் என்று கெஞ்சினேன். "செங்கல் கட்டடத்துக்குக் கீத்தா? பார்க்க நல்லா இருக்காதும்மா. தகரம் பட்டாளத்துச் சரக்கு, முதலாளி சொல்லாம எடுக்க முடியாது" என்றார். பார்க்க நல்லா இருக்காதாம்! அவர் கட்டியதெல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கர்மம்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே அண்ணிக்கு உடம்பு கெட்டுவிட்டது. முதலில் சூடு பிடித்துக்கொண்டது என்றாள். அடிவயிறு எரிகிறது, முதுகு பிளக்கிறது என்றாள். பிறகு அந்த வெயிலிலும் குளிர் எடுத்தது. பார்லி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு, "பொழுது போனதும் குடிக்கறேன்" என்றாள். கையைப் பிடித்துப் பார்த்தேன்; கொதித்தது. வீட்டோடு இரு, நாளைக்கே பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். "ஊட்ல குந்திகினா மாமனுக்கு யாரு கஞ்சி ஊத்துவா? உங்க ஓவர்சீரு வந்து ஊத்துவாரா?" என்று கேட்டாள். அந்தக் காய்ச்சலிலும் அவளுக்குக் கேலி போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாந்துச் சட்டியோடு சாரத்தின் சரிவுப் பலகையில் ஏறும்போது விழுந்தாள். சிப்பாய் அன்றைக்கு ஒன்றும் கேட்காமல் வாசலைத் திறந்துவிட்டான். என் கொட்டகைக்குக் கொண்டு வந்து கிடத்தும்போதே புடவை நனைந்து சிவந்திருந்தது. செங்கல் லாரியில் வைக்கோல் பரப்பி அவளைப் படுக்க வைத்து, நானும் ஏறிக்கொண்டேன். லாரி புறப்படும்போது ஓவர்சியர் ஓடி வந்து, "லாரியை எடுக்க முதலாளி உத்தரவு இருக்கா?" என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். அந்த வார்த்தையை நான் எழுத முடியாது. கேட்கக் குளிர்ச்சியாக இருந்தது.

ஆண் பிள்ளை. உயிரில்லை. ஆஸ்பத்திரி லேடி டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "எத்தனை நாளாத் தண்ணி குடிக்காம அடக்கி வெச்சிருந்தா? நீர்த்தாரையில கிருமி ஏறி, அந்தக் காய்ச்சல்தான் குழந்தையைத் தள்ளியிருக்கு. அங்கே தண்ணியே கிடைக்காதா?" கிடைக்கும் டாக்டர் என்றேன். பானை பானையாகக் கிடைக்கும். வெட்டிவேர் போட்டது.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனபோது பந்தல் எலும்புக்கூடாக நின்றது. பெண்கள் வந்ததும் வராததுமாக அதன் கீற்றுகளையும், நடுவில் இரண்டாகப் பிரித்த அந்தத் தட்டியையும் பிடுங்கி ஏரிக்கரைக்குச் சுமந்துகொண்டு போயிருந்தார்கள். பந்தல் கால்களையும் பெஞ்சையும் பானைகளையும் தவிர எல்லாம் போயிற்று. ஏரியோரப் பள்ளத்தில், சாரத்திலிருந்து பார்வை விழாத இடமாகப் பார்த்து, குழி வெட்டி, மூங்கில் நட்டு, சுற்றிலும் கட்டி, தலைக்குமேல் கூரையும் வேய்ந்துவிட்டார்கள். நான் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த வேலை முடிகிற சமயம். ஓவர்சியர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "யார் உத்தரவு? யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?" என்று கத்திக்கொண்டிருந்தார். அன்றைக்குப் புதரைக் காட்டிய வயதானவள் அவர் எதிரில் வந்து நின்றாள்.

"யாரையும் கேக்கல நைனா. இன்னா பண்ணுவே? வேலைய உட்டு நிறுத்துவியா? நிறுத்து. அத்தினி பேரும் பூடறோம். நீயும் உங்க மொதலாளியும் சட்டி தூக்குங்க."

காண்ட்ராக்டர் வந்தார். மழைக்கு முன் கூரை போட்டாக வேண்டிய கவலை அவருக்கு. பார்த்தார், எல்லோரையும் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பானைகள் மத்தியானத்துக்குள் காலியாகி, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. மறுவாரம் எல்லோர் தூக்கிலும் கூழ் வந்தது. என் கொட்டகைக்குக் கட்டுப் போட மட்டும்தான் ஆட்கள் வந்தார்கள். ஒரு காலை வேலை. கேட்டிருந்தால் சித்திரையிலேயே முடிந்திருக்கும்.

நாடு சுதந்திரமடைந்து வெகுகாலம் கழித்து, அம்பத்தூரில் ஒரு கல்யாணத்தில் ஓவர்சியரைப் பார்த்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, சதை போட்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஆவடியில போட்டோமே அந்தத் தண்ணிப் பந்தல், ஞாபகம் இருக்காம்மா? தொரையே பார்த்து மெச்சினார்" என்றார். அண்ணியைத் தெரியுமா என்று கேட்டேன். எந்த அண்ணி என்றார். வேஷம் போடவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. இலை போட்டாயிற்று, சோறும் வைத்தாயிற்று. நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் இறங்கியிருக்காது எனக்கு.

பெண்கள் ஏரிக்கரையில் மறைப்புக் கட்டின அன்று சாயங்காலம் பூந்தமல்லிக்குப் போய் அண்ணியைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன். வயதானவள் ஓவர்சியரைக் கேட்ட கேள்வியைச் சொன்னபோதுகூடச் சிரிக்கவில்லை. "நல்லதுதான்" என்றாள், அவ்வளவுதான். சொம்பில் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். வாங்காமல், தலையைத் தூக்கி வார்டைச் சுற்றிப் பார்த்தாள். சுற்றிலும் கட்டில்கள், கட்டிலைச் சுற்றி வந்து போகிற ஜனம்.

"இங்க எங்க போறது?"

தாழ்வாரக் கோடியில் இருந்த அறையைக் காட்டினேன். மேலே கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்புறம்தான் சொம்பை வாங்கினாள். அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள். அதையும் குடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே மெதுவாக நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

வெகுநேரமாகியும் வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டினேன். "அண்ணி, மயக்கமா வருதா?"

"இல்லம்மா. நல்லாத்தான் கீறேன்" என்று குரல் வந்தது. பிறகு, "அங்க யாராச்சும் பாக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல அண்ணி. கதவு சாத்தித்தான் இருக்கு. யாருக்கும் தெரியாது."

"அப்ப இன்னும் கொஞ்ச நாழி இருந்துட்டு வரேன்" என்றாள்.

அதற்கப்புறம்தான் அவள் அழ ஆரம்பித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, அந்தப் பக்கம் வந்தவர்களை எல்லாம் கொஞ்சம் பொறுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன்.